கோவா நோட்டு என்று விற்பதெல்லாம் கோவா நோட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய நோட்டு ஒன்று லட்சக்கணக்கில் விலை போனதாக ஏதாவது ஒரு பத்திரிகையில் மாதம் ஒரு செய்தி வந்துவிடுகிறது. வந்த கையோடு மதுரையில் நாணயம், தபால்தலை விற்கும் கடைகளுக்கும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கும் ஆட்கள் தாள்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்படி வருபவற்றில் அண்மைக்காலமாக அதிகம் அடிபடும் பெயர் ‘போர்ச்சுகீசிய கோவா நோட்டு’. பெரும்பாலும் அது கோவா நோட்டாகவே இருப்பதில்லை. உண்மையான கோவா நோட்டாக இருந்துவிட்டாலோ, லேமினேஷன் செய்து பாழாக்கியிருப்பார்கள். இந்த இரண்டையும் பற்றித் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் வெளியிட்டவர் யார் என்று பார்ப்போம். கோவா, டாமன், டையூ சேர்ந்த போர்ச்சுகீசிய இந்தியாவுக்கு 1880களில் அங்கிருந்த அரசு நிதிச் சபை தாள்பணம் வெளியிட்டது. 1906 முதல் அந்த உரிமை லிஸ்பனைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பாங்கோ நாசியோனால் உல்ட்ராமரினோ’ வங்கிக்குப் போனது. 1864இல் தொடங்கிய வங்கி அது. சேகரிப்பாளர்கள் சுருக்கமாக பி.என்.யு. என்பார்கள். அன்றைய பணக் கணக்கு நம் பழைய அணாக் கணக்குக்குப் பக்கத்து வீடு. 16 தங்கா ஒரு ரூபியா, 60 ரெயிஸ் ஒரு தங்கா. 1917 வரிசையில் 4 தங்கா, 8 தங்கா, 1 ரூபியா, இரண்டரை ரூபியா என்று சில்லறைத் தாள்களே வந்தன. இந்த இரண்டரை ரூபியாவை யாராவது நல்ல நிலையில் காட்டினால் நின்று பாருங்கள். சந்தையில் அடிக்கடி வருகிற சரக்கு அல்ல.

நம் பக்கம் கண்ணில் படக்கூடியவை பெரும்பாலும் கடைசி இரண்டு வரிசைகள்தான். இரண்டிலும் ஒரே முகம்: 1510இல் கோவாவைப் பிடித்த அபோன்சோ த அல்புகெர்க். முதல் வரிசையில் தேதி 29.11.1945, மதிப்பு ரூபியாவில் இருக்கும். 5, 10, 20, 50, 100, 500 என்று ஆறு தாள்கள். உலக நோட்டுகளை அடையாளம் காணச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் பட்டியலில் இவற்றின் எண் (பிக் எண் என்பார்கள்) 35 முதல் 40 வரை. இரண்டாம் வரிசையில் தேதி 2.1.1959, மதிப்பு எஸ்குடோவில்; 30, 60, 100, 300, 600, 1000. பிக் எண் 41 முதல் 46 வரை. தாளில் அச்சாகியிருக்கும் தேதி வெளியீட்டுத் தேதி. அச்சடித்த நாள் அல்ல. அதனால் ஒரு வரிசை முழுக்க ஒரே தேதிதான் இருக்கும். “என் நோட்டில் 1945 நவம்பர் 29 என்றே போட்டிருக்கிறது, இது முதல் நாள் அச்சு” என்று விலை ஏற்றுபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

30, 60, 300, 600 என்ற விசித்திரமான எண்களுக்குக் காரணம் உண்டு. ரூபியாவைக் கைவிட்டு எஸ்குடோவுக்கு மாறியபோது ஒரு ரூபியாவுக்கு 6 எஸ்குடோ என்று விகிதம் வைத்தார்கள். ஆகவே 30 என்பது பழைய 5 ரூபியா, 60 என்பது 10, 300 என்பது 50, 600 என்பது 100. மக்களின் கை பழகிய மதிப்புகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். 100 எஸ்குடோ இந்தக் கணக்கில் அடங்காது. பழைய கணக்கில் அது 16 ரூபியா 10 தங்கா 40 ரெயிஸ். 1000 எஸ்குடோவும் அப்படியே. இந்தப் பணம் ஓடியது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்தான், 19.12.1961இல் கோவா இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. 30, 60, 100 இன்றும் ஓரளவு கிடைக்கின்றன. 300க்கு மேல் போனால் கிடைப்பது அரிது, போலியும் அங்கேதான் ஆரம்பம்.

இனி கோவா என்ற பெயரில் விற்கப்படுபவை. முதலிடம் ஆப்பிரிக்காவில் போர்ச்சுகீசியர் ஆண்ட மொசாம்பிக்குக்கு. அங்கும் வெளியிட்டது அதே பி.என்.யு., மொழியும் அதே போர்ச்சுகீசு, பணமும் அதே எஸ்குடோ. 1976இல், ஏற்கெனவே அச்சான நோட்டின் மேல் ‘பாங்கோ த மொசாம்பிக்’ என்று மேலச்சு அடித்த 50, 100, 500, 1000 எஸ்குடோ தாள்கள் பண்டல் பண்டலாக உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. மொத்தமாக வாங்கினால் தாளுக்கு அற்ப விலை. 1000 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் நம் ஆட்கள் மயங்கிவிடுகிறார்கள். தாளின் இரு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தாலே போதும். ‘இந்தியா’ என்ற சொல் ரோமன் எழுத்தில் எங்கும் இல்லையென்றால் அது கோவா நோட்டு இல்லை. போர்ச்சுகீசு தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது, இந்தோனேசியா பக்கத்தில் போர்ச்சுகீசியர் ஆண்ட கிழக்குத் திமோர். இதில் சறுக்குவது சுலபம். அங்கும் 2.1.1959 தேதியிட்ட 30, 60, 100 எஸ்குடோ தாள்கள் உண்டு. கூடவே ஒரு 500. தேதி ஒன்று, வங்கி ஒன்று, மதிப்பும் ஒன்று. முகம் மட்டும் வேறு: திமோரின் ஆளுநராக இருந்த செலெஸ்தினோ த சில்வா. இந்தத் திமோர் தாளும் மட்டமானதல்ல என்பதால் தவறி வாங்கியவர் முழுக்க ஏமாறவில்லை. ஆனால் கோவா என்று நினைத்துக் கொடுத்த விலை வேறு கணக்கு. 1960களில் வந்த திமோர் தாள்களில் மார்பில் பதக்கத்தோடு ஒரு திமோர்க்காரர் முகம் இருக்கும். அவர் ஜப்பானியரை எதிர்த்து நின்று 1943இல் உயிர்விட்ட தலைவர் தோம் அலெய்சோ. அந்த வரிசையின் 1967ஆம் ஆண்டு 20 எஸ்குடோவை மடிப்பே இல்லாத நிலையில் சில நூறு ரூபாய்க்குள் இன்றும் வாங்கலாம். ஆசியாவின் போர்ச்சுகீசியத் தாள்களைச் சேர்க்க நினைக்கும் மாணவருக்கு எங்கள் சிபாரிசு இதுதான். கோவாவில் ஆரம்பித்தால் கைப்பணம் சீக்கிரம் கரைந்துபோகும்.

மக்காவ் தனி உலகம். பட்டாக்கா, ஆவோ என்று வேறு பணம், தாளில் சீன எழுத்தும் இருப்பதால் குழப்பம் வராது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். பி.என்.யு. பெயர் இருந்தாலே குடியேற்றக் கால நோட்டு என்று கொள்ளக் கூடாது. 20.12.1999இல் மக்காவ் சீனாவிடம் போன பிறகும் அங்கே அந்த வங்கி நோட்டு வெளியிட்டு வருகிறது. சுற்றுலா போனவர் சட்டைப்பையில் மிச்சமிருந்த பட்டாக்காவை ‘போர்ச்சுகீசியர் காலத்தது’ என்று விற்பது இதனால்தான் முடிகிறது.

பாண்டிச்சேரிக்காக வந்த பிரெஞ்சு இந்திய நோட்டையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். அதை வெளியிட்டது இந்தோசீனா வங்கி, மொழி பிரெஞ்சு. பல சமயம் அது கோவா நோட்டைவிட விலை கூடியது என்பதால், குழப்பத்தில் நஷ்டப்படுவது விற்பவர்தான்.

இன்னொரு கதை, ‘செட்டிநாட்டு வீட்டுப் பெட்டியில் கிடைத்தது’ என்பது. நகரத்தார் வட்டித்தொழிலும் வணிகமும் பெரிதாக நடந்த இடங்கள் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன். ஆகவே அந்தப் பெட்டிகளிலிருந்து பர்மா ரூபாயும், மலாயா டாலரும், இந்தோசீனாவின் பியாஸ்தரும், ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் அடித்த தாள்களும் வருவது இயல்பு. திமோரோ மக்காவோ வர முடியாது என்று சொல்லவில்லை. வந்தால் கூடவே கடிதம், கணக்குப் பேரேடு, கப்பல் சீட்டு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். வெறும் தாள் மட்டும் பளபளவென்று வந்து, பெட்டிக் கதை வாய்மொழியாக மட்டும் வந்தால், கதைக்குத் தனிவிலை கொடுக்காதீர்கள்.

போலியைச் சோதிக்க வேண்டியவை நான்கே: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், 365 நானோமீட்டர் யு.வி. டார்ச், பின்னாலிருந்து வெளிச்சம் விழும் ஒரு வெள்ளைப் பலகை. லென்ஸில் முதலில் முகத்தைப் பாருங்கள். லண்டன் அச்சகங்களில் உலோகத் தகட்டில் வெட்டி அடித்த நோட்டு என்றால் கன்னத்து நிழல்கூடத் தொடர்ச்சியான கோடுகளாலும் புள்ளி வெட்டுகளாலும் ஆனதாக இருக்கும். மை காகிதத்துக்கு மேலே மேடாக நிற்கும், நகத்தால் மெல்ல வருடினால் தட்டுப்படும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்தது என்றால் அதே நிழல் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அடுத்து வரிசை எண். எழுத்தச்சில் அடித்த எண்ணின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கரைபோல நிற்கும். தாளைத் திருப்பினால் பல சமயம் எண் அழுந்திய தடமும் தெரியும். எண் வழவழவென்று காகிதத்தோடு படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மேலச்சுத் தாள்களுக்குத் தனிச் சோதனை தேவை. மக்காவ் நோட்டின் மேல் திமோரில் செல்லும் என்று மேலச்சு அடித்த பழைய பட்டாக்கா தாள்கள் வெறும் மக்காவ் தாளைவிட மிக அரியவை. எனவே அடித்தளத் தாள் அசலாகவும் மேலச்சு மட்டும் போலியாகவும் வர வாய்ப்பு அதிகம். மேலச்சு ஒரு மடிப்பைக் கடக்கும் இடத்தைத் தேடி, அங்கே லென்ஸை வையுங்கள். அசலில் முதலில் மேலச்சு, பிறகுதான் மடிப்பு. ஆகவே மடிப்பு முறிந்த இடத்தில் மையும் சேர்ந்து உடைந்து, உள்ளே வெள்ளை நார் தெரியும். பிற்பாடு யாரோ அடித்ததாக இருந்தால், மை அந்த முறிவுக்குள் இறங்கி நார்களைக் கறுப்பாக்கியிருக்கும். பத்துக்கு ஒன்பது போலி மேலச்சு இந்த ஓர் இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

யு.வி. டார்ச் போலிக்கு மட்டுமல்ல, கழுவிய தாளுக்கும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய, கந்தல் துணிக் கூழில் செய்த காகிதம் யு.வி. ஒளியில் மங்கலாகத்தான் இருக்கும். அழுக்கு நோட்டைச் சலவைத்தூள் கரைசலில் அலசியிருந்தால், தூளில் உள்ள வெண்மையூட்டி நாரில் ஒட்டிக்கொண்டு நீல வெள்ளையாக ஒளிரும். இஸ்திரி போட்டு மடிப்பை மறைத்த தாளுக்கு வேறு அடையாளம்: முன் சொன்ன மேட்டு மை நசுங்கித் தட்டையாகிவிடும், வரிசை எண்ணின் தடமும் போய்விடும், தாள் ஆட்டினால் சலசலக்காது. ஓரம் கிழிந்த நோட்டைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வெட்டி நேராக்குவதும் நடக்கிறது. ஸ்கேலால் நீள அகலத்தை அளந்து, தரச்சான்று பெற்ற இன்னொரு தாளின் அளவோடு ஒப்பிடுங்கள். நான்கு பக்க வெள்ளை விளிம்பையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வெள்ளைப் பலகை மேல் வைத்தால் குண்டூசி ஓட்டைகள் நட்சத்திரம்போலத் தெரியும், ஒட்டுப்போட்ட இடம் இருட்டாகத் தெரியும். துளை போட்டு ரத்து செய்த தாளும் சேகரிப்புக்கு உரியதுதான். ஆனால் அந்தத் துளைகளைக் காகிதக் கூழால் அடைத்து ‘நல்ல நோட்டு’ என்று விற்பது மோசடி.

இவ்வளவும் ஏன் என்றால் விலை வயதில் இல்லை, நிலையில் இருக்கிறது. மடிப்பே இல்லாதது யு.என்.சி. நடுவில் லேசான ஒரு மடிப்பு என்றால் ஏ.யு. லேசான மூன்று மடிப்பு வரையோ அழுத்தமான ஒரு மடிப்போ இருந்தால் எக்ஸ்.எஃப். அதற்கு மேல் மடிப்பு பல இருந்தும் விறைப்பு மிச்சமிருந்தால் வி.எஃப். ஒவ்வொரு படிக்கும் விலை கணிசமாக இறங்கும். பத்திரிகையில் வரும் லட்ச ரூபாய்ச் செய்தி மேல்படியில் இருந்த ஒரு தாளைப் பற்றியது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் கடைசிப் படியில்.

வீட்டில் வைக்கும் முறைக்கு வருவோம், சேதம் அங்கேதான் அதிகம். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். நூறு டிகிரிக்கு மேல் சூடேறும் உருளைக்குள் பிளாஸ்டிக் உருகிக் காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது. திரும்பப் பிரிக்க வழியில்லை. பிரிக்க ஊற்றும் கரைப்பான் மையையும் சேர்த்துக் கரைக்கும். செல்லோ டேப்பும் அதே ரகம், பத்து ஆண்டில் பசை பழுப்பேறித் தாளின் மறுபக்கம் வரை ஊறிவிடும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறைகளும் வேண்டாம். மதுரை சித்திரை வெயிலில் அடைத்த அறையில் அந்த உறை பிசுபிசுத்து, எண்ணெய் கசிந்து, அமிலமும் விடும். உள்ளே இருக்கும் தாள் மஞ்சளித்துக் கண்ணாடிபோல ஆகிவிடும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். விறைப்பாக இருக்கும், கசக்கினால் சத்தம் வரும், வாசனை இருக்காது. புதுப் பிளாஸ்டிக் நெடி அடித்தால் அது பி.வி.சி.

ஆல்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் இழுக்கும், கரையானும் சுவர் வழியாகத்தான் வரும். இரும்பு பீரோவின் நடுத்தட்டில் நிமிர்த்தி வைக்கலாம். மூடியுள்ள டப்பாவில் வைத்தால் 20 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். ஈரம் ஏறி அதன் ஆரஞ்சு மணி பச்சையானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். வெயிலில் காயவைப்பது போதாது. ரசக்கற்பூர உருண்டை என்று நாம் போடும் நாப்தலின் உருண்டையை அதே தட்டில் வைக்க வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். தாளைக் கையால் எடுக்கும்போது கையைச் சோப்பால் கழுவித் துடைத்து ஓரத்தைப் பிடித்தால் போதும். துணிக் கையுறை போட்டால் பிடி தெரியாமல் ஓரம் கிழியும்.

வாங்குபவர்களுக்கு: முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது என மூன்று படம் கேளுங்கள். பில் கேளுங்கள், அதில் நாடு, மதிப்பு, தேதி, வரிசை எண், நிலை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். ‘பழைய நோட்டு 1’ என்று எழுதிய பில் குப்பைக்குச் சமம். பி.எம்.ஜி. போன்ற நிறுவனங்களின் தரச்சான்று உறையில் இருந்தால், உறையின் எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு அங்கே வரும் படத்தின் வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். உறையையே போலியாகச் செய்கிறார்கள். தர எண்ணுக்குப் பக்கத்தில் ‘நெட்’ என்று இருந்தால் தாளில் பழுதோ ஒட்டுப்போட்ட இடமோ இருக்கிறது என்று பொருள். எண்ணை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

விற்பவர்களுக்கு: ‘உங்கள் நோட்டை லட்சத்துக்கு வாங்குகிறோம், முன்பணமாக வரியும் கமிஷனும் கட்டுங்கள்’ என்று வரும் போன் அழைப்புகள் முழு மோசடி. தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி இப்படிப் பணம் கறப்பதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்கும் வியாபாரம் உலகத்தில் எங்கும் கிடையாது. வெளிநாட்டுக்காரருக்குத் தபாலில் அனுப்ப நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை மனதில் வையுங்கள். நூறாண்டு கடந்த பொருட்களும், 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களும் அதன் வரம்புக்குள் வரும். 1906, 1917 தாள்கள் நூறைத் தாண்டிவிட்டன, 1945 தாள்கள் 75ஐத் தாண்டிவிட்டன. தொல்பொருள் அல்ல என்ற சான்று தேவையா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்ட பிறகு அனுப்புவதே பாதுகாப்பு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி பழைய நோட்டு விலை போன செய்தியை வெளியிடும்போது, அது எந்த நாட்டுத் தாள், பிக் எண் என்ன, எந்த நிலையில் இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரிதான் கூடும். காந்தி மியூசியம் வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒன்று: தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களிலாவது ஒரு மேசை போட்டு, ஒரு லென்ஸும் யு.வி. டார்ச்சும் வைத்து, பொதுமக்கள் கொண்டுவரும் தாள்களை இன்னது என்று மட்டும் அடையாளம் சொல்ல ஏற்பாடு செய்யலாம். விலை சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மேசையில் உட்கார நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தாள்பணச் சேகரிப்பாளர்கள் சிலர்,
மதுரை
(பெயர், முகவரி தங்கள் பார்வைக்குத் தனித்தாளில் இணைத்துள்ளோம்.)